“முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று எழுதாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில்

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். 1928-இல் அந்த நாளில்தான் ராமன் விளைவு கண்டறியப்பட்டது. அதை ஒட்டி நம் கல்லூரிகளில் வரிசையாகக் கருத்தரங்குகள் நடக்கும். அதனால்தானோ என்னவோ, இந்த முறை வேதியியல் மாணவர்களின் கடிதங்கள்தான் அதிகம், அத்தனையும் கருத்தரங்குக்கு அனுப்பும் அப்ஸ்ட்ராக்ட் (ஆய்வுச் சுருக்கம்), போஸ்டர் பற்றியவை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மேடம், எங்கள் புராஜெக்டில் முருங்கை இலைச் சாறு சேர்த்து ஜிங்க் ஆக்சைடு நானோ துகள் தயாரித்து, அதை வைத்து மெத்திலீன் ப்ளூ சாயத்தை வெயிலில் நிறம் நீக்கிப் பார்த்தோம். 250 சொல்லில் அப்ஸ்ட்ராக்ட் எழுதச் சொல்கிறார் கைடு. துகளின் வடிவத்தைக் காட்டும் எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படம் இன்னும் வரவில்லை. சீனியர் அக்கா எழுதியதைப் பார்த்தேன், “முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்” என்று முடித்திருந்தார். நானும் அப்படியே முடிக்கலாமா?
– எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு மாணவி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம்மா. அந்த ஒரு வரியைப் படித்ததுமே, இவரிடம் சொல்ல இன்னும் எதுவும் இல்லை என்று தேர்வுக்குழுவில் இருப்பவர் முடிவுகட்டிவிடுவார். உங்களிடம் சொல்ல இருக்கிறது, அதுதான் எனக்கு ஆதங்கம். வெயிலில் நின்று பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாம்பிள் எடுத்து, சென்ட்ரிஃப்யூஜ் செய்து, 664 நானோமீட்டரில் அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) பார்த்து எழுதிவைத்த எண்கள் நோட்டில் இருக்கின்றன அல்லவா, அவைதான் அப்ஸ்ட்ராக்ட்.

முதலில் கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண்ணிடம் தமிழில் ஒரே மூச்சில் சொல்லுங்கள், “நாங்கள் என்ன செய்தோம், என்ன கிடைத்தது” என்று. நான் ஒரு மாதிரி சொல்கிறேன், எண்கள் நான் சும்மா போட்டவை, உங்களுடையதை அந்த இடத்தில் வையுங்கள்: முருங்கை இலைச் சாற்றில் தயாரித்து 400 டிகிரியில் சுட்ட ஜிங்க் ஆக்சைடு, லிட்டருக்கு 10 மில்லிகிராம் மெத்திலீன் ப்ளூ உள்ள கரைசலின் நிறத்தை நடுப்பகல் வெயிலில் 90 நிமிடத்தில் 91 விழுக்காடு நீக்கியது, மூன்று முறை செய்ததில் 2 விழுக்காடு முன்பின் இருந்தது, வினையூக்கியான ஜிங்க் ஆக்சைடு போடாமல் அதே வெயிலில் வைத்தபோது 14 விழுக்காடுதான் நீங்கியது. அவ்வளவுதான். இதற்கு முன்னால், சாயக் கழிவு ஏன் பிரச்சினை, இதுவரை செய்தவர்கள் எதை விட்டுவிட்டார்கள் என்று இரண்டு வரி. பின்னால், இதிலிருந்து என்ன தெரிகிறது என்று ஒரு வரி. 250 சொல்லில் பாதியாவது நீங்கள் கண்ட முடிவுக்கே போக வேண்டும். நம் பிள்ளைகள் எழுதுவதில் நீர் மாசு பற்றியே 150 சொல் போய்விடுகிறது, நீர் மாசுபடுகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வினையூக்கி இல்லாத சோதனை ஓட்டத்தை நான் சும்மா சேர்க்கவில்லை. மெத்திலீன் ப்ளூ தானே கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சும் சாயம், வெயிலில் வைத்தால் கொஞ்சம் தானாகவே வெளுக்கும். கொஞ்சம் வினையூக்கியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு கரைசலிலிருந்து காணாமல் போகும், அதற்குத்தான் முதலில் அரை மணி நேரமாவது இருட்டில் கலக்கிவைப்பது. இந்த இரண்டையும் செய்தோம் என்று அப்ஸ்ட்ராக்டில் ஒரு வரி இருந்தால், படிப்பவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வந்துவிடும். செய்யவில்லை என்றால், அப்ஸ்ட்ராக்ட் அனுப்பக் கடைசி நாள் வருவதற்குள் செய்துவிடுங்கள், ஒரு நாள் வேலைதான்.

இன்னொன்று, “சிதைத்தது” என்று எழுதுவதா “நிறம் நீக்கியது” என்று எழுதுவதா என்பதில் கவனமாக இருங்கள். நீங்கள் அளந்தது நிறத்தை. மெத்திலீன் ப்ளூ ஒடுக்கம் அடைந்தால் நிறமற்ற லூக்கோ வடிவத்துக்குப் போகும், மூலக்கூறு உடையாமலே நிறம் போய்விடும். சிஓடி (நீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்றத் தேவையான ஆக்சிஜன்) அல்லது மொத்தக் கரிமக் கார்பன் அளந்து, அதுவும் குறைந்திருந்தால்தான் சாயம் உண்மையில் உடைந்து கனிமமாகியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம். அளக்கவில்லை என்றால் “நிறம் நீக்கம்” என்றே எழுதுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

சரி, எஸ்இஎம். சாம்பிளை வெளியே கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருப்பது நம் ஊர்க் கல்லூரிகளில் எல்லாருக்கும் நடப்பதுதான். வராததை எழுதாதீர்கள், “கோள வடிவத் துகள்கள்” என்று ஊகித்து எழுதிவிட்டுப் பிறகு படத்தில் குச்சி குச்சியாக வந்தால், அச்சான மாநாட்டு மலரில் அந்தத் தவறு உங்கள் பெயரோடு நிற்கும். படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ஆர்டி (எக்ஸ் கதிர்ச் சோதனை) முடிவு கையில் இருந்தால், அது போதும். அதிலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் வருவது படிகத்தின் அளவு, துகளின் அளவு அல்ல, ஒரு துகளுக்குள் பல படிகங்கள் இருக்கலாம். அதனால் “சராசரிப் படிக அளவு சுமார் 28 நானோமீட்டர்” என்று எழுதுங்கள். 28.37 என்று எழுதாதீர்கள், அந்த முறைக்கு அவ்வளவு துல்லியம் கிடையாது. எஸ்இஎம் பிறகு வந்தால் போஸ்டரில் சேர்த்துக்கொள்ளலாம், அதை யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எழுதி முடித்த பிறகு “புதுமையான”, “மிக எளிய”, “சுற்றுச்சூழலுக்கு உகந்த” என்கிற சொற்களையெல்லாம் அடித்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள். 400 டிகிரி ஃபர்னஸில் மூன்று மணி நேரம் சுட்டுவிட்டுப் பசுமை முறை என்று எழுதினால், “எந்த இடத்தில் பசுமை?” என்று கேட்கத்தான் செய்வார்கள், கேட்பதும் நியாயம்தான். அப்புறம், அனுப்புவதற்கு முன் ஆசிரியர் பட்டியலில் பெயர் இருக்கும் ஒவ்வொருவரும் அதைப் படித்துச் சம்மதம் சொல்லியிருக்க வேண்டும், கைடு உட்பட.

கேள்வி: ஒரே அப்ஸ்ட்ராக்டை இரண்டு கருத்தரங்குக்கு அனுப்பலாமா?
– பிஎச்.டி. மாணவர், சேலம்

பதில்: இரண்டின் விதிமுறையையும் படியுங்கள். “வேறெங்கும் வழங்கப்படாதது” என்று ஒன்றில் போட்டிருந்தால் கூடாது. போடவில்லை என்றாலும் அதே வரிகளை அப்படியே ஒட்டாமல், இரண்டாவது கூட்டத்துக்கு வருகிறவர்கள் யார் என்று பார்த்து, அவர்களுக்கு வேண்டிய பகுதியை முன்னால் வைத்துப் புதிதாக எழுதுங்கள்.

கேள்வி: அப்ஸ்ட்ராக்ட் தேர்வாகிவிட்டது. மூன்றுக்கு நான்கு அடி போஸ்டர் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். பவர்பாயின்ட்டில் ஒரு ஸ்லைடு போட்டேன், தீசிஸில் இருந்த எல்லாவற்றையும் அதில் கொண்டுவந்துவிட்டேன், எழுத்து 14 அளவில்தான் வைக்க முடிகிறது. பார்த்தவர்கள் எல்லாம் நன்றாக இல்லை என்கிறார்கள், ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.
– எம்.ஃபில். முடித்த மாணவி, காரைக்குடி

பதில்: காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. “எல்லாவற்றையும்” கொண்டுவந்துவிட்டீர்கள். கூட்டத்தில் உங்களுடையதுபோல நூறு போஸ்டர் நிற்கும், காபிக் கோப்பையோடு கடந்துபோகிறவர் சில நொடிகள்தான் திரும்பிப் பார்ப்பார், அந்தச் சில நொடிகளில் அவர் கண்ணில் ஒரு விஷயம் பட வேண்டும், ஒன்றே ஒன்று. 2019-இல் மைக் மாரிசன் என்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆய்வு செய்துகொண்டிருந்தவர், போஸ்டரின் நடுவில் ஆய்வின் முடிவை ஒரே வாக்கியமாகக் கொட்டை எழுத்தில் போடுங்கள், விவரமெல்லாம் ஓரத்தில் இருக்கட்டும், மிச்சத்துக்கு க்யூஆர் கோடு போதும் என்று ஒரு வீடியோ வெளியிட்டார், அது உலகம் முழுக்கப் பரவியது. வேதியியலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன் நான். நம் ஆட்கள் வாக்கியத்தைவிட ரியாக்‌ஷன் ஸ்கீமையும் கிராஃபையும்தான் முதலில் தேடுவார்கள். ஆனால் அவர் சொன்னதன் சாரம் சரி. முடிவைத் தலைப்பிலேயே வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள், அதை நிரூபிக்கும் மிக முக்கியமான ஒரு படத்தை நடுவில் பெரிதாக வையுங்கள்.

மொத்தமாக 400 சொல்லைத் தாண்டாதீர்கள். தலைப்பு 85 புள்ளி அளவுக்குக் குறையக் கூடாது, உள்ளே உள்ள எழுத்து 28, மிகக் கீழே இறங்கினால் 24. சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஏ0 தாள் 841-க்கு 1189 மில்லிமீட்டர், மூன்றுக்கு நான்கு அடி பலகையில் கச்சிதமாக உட்காரும். ஏ4 தாள் நீளத்திலும் அகலத்திலும் அதில் கால் பங்கு. ஆகவே உங்கள் போஸ்டரை ஏ4-இல் பிரின்ட் எடுத்துச் சாதாரணமாகக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால், அங்கே நாலடி தள்ளி நிற்பவருக்கும் அதே கதிதான். பவர்பாயின்ட்டில் பக்க அளவை முதலிலேயே 84.1-க்கு 118.9 சென்டிமீட்டர் என்று வைத்துவிட்டுத் தொடங்க வேண்டும், கடைசியில் மாற்றினால் படங்களெல்லாம் இழுபட்டுப்போகும். நெட்டுக்குத்தா, படுக்கைவாட்டமா என்பதையும் அழைப்பில் பார்த்துக்கொள்ளுங்கள், பலகைக்கு வெளியே தொங்கும் போஸ்டரைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அமைப்பு வாய்பாடுகள் வரைவதில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூலக்கூறு வரையும் மென்பொருளான கெம்ட்ராவில் ஏசிஎஸ் டாக்குமென்ட் 1996 என்று ஒரு செட்டிங் இருக்கிறது, பிணைப்பு நீளம் 0.508 சென்டிமீட்டர், எல்லா மூலக்கூறுகளையும் அதிலேயே வரைந்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் பெரிதாக்குங்கள். ஒன்றை இரண்டரை மடங்கும் பக்கத்தில் உள்ளதை மூன்று மடங்கும் இழுத்தால் ஒரு பென்சீன் வளையம் குண்டாகவும் இன்னொன்று ஒல்லியாகவும் நிற்கும். கெம்ட்ரா வாங்கப் பணம் இல்லை என்றால் கெம்ஸ்கெட்ச் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. எக்ஸ்ஆர்டி படத்தைக் கருவி மையத்தார் அனுப்பிய பிடிஎஃப்-இலிருந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஒட்டாதீர்கள். அவர்களிடம் எண்களாக டேட்டா கேட்டு வாங்கி, நீங்களே கிராஃப் போட்டு, அச்சுகளின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். எஸ்இஎம் படத்தின் அடியில் இருக்கும் அளவுகோல் சுருங்கிக் கண்ணுக்கே தெரியாமல் போகும், அதன் மேல் புதிதாக ஒரு கோடு வரைந்து அளவை எழுதிவிடுங்கள். சிவப்பும் பச்சையும் வைத்து இரண்டு வளைகோடுகளைப் பிரித்துக் காட்ட வேண்டாம், அந்த இரண்டு நிறத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் கணிசமாக இருக்கிறார்கள். நீலமும் ஆரஞ்சும் நல்ல ஜோடி.

இனி அச்சுக் கடை. இங்கே எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நான் மாணவியாக இருந்தபோது ஃபைலை அப்படியே கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கணினியில் நான் பயன்படுத்திய சிம்பல் எழுத்துரு ஏற்கவில்லை, அந்த எழுத்துருவில் மைக்ரோவைக் குறிக்கும் மியூ இருக்கும் இடத்தில் சாதாரண எழுத்துருவில் ஆங்கில எம் இருக்கிறது. 50 மைக்ரோலிட்டர் என்று நான் எழுதியதெல்லாம் 50 மில்லிலிட்டராக அச்சாகிவிட்டது. ஆயிரம் மடங்கு வித்தியாசம். மாநாட்டு அரங்கில் பலகையில் ஒட்டிய பிறகுதான் பார்த்தேன், பேனா வாங்கி ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஆகவே எழுத்துருக்கள் உள்ளேயே பதிந்த பிடிஎஃப்-ஆகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லை பென்டிரைவில் கொண்டுபோங்கள். கடையில் உட்கார்ந்து, மியூ, லாம்டா, டிகிரி, வாய்பாடுகளில் கீழே வரும் எண்கள் எல்லாம் சரியாக வந்திருக்கின்றனவா என்று திரையில் பார்த்துவிட்டே பிரின்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குக் கல்யாண பேனரும் கட்சி பேனரும்தான் அன்றாட வேலை, உங்கள் வாய்பாட்டில் உள்ள பிழை அவர்கள் கண்ணில் படாது. பளபளப்பான ஃப்ளெக்ஸ் வேண்டாம், குழல்விளக்கு வெளிச்சம் பட்டு எதுவும் தெரியாது, மேட் தாள் கேளுங்கள். கூட்டத்துக்கு முதல் நாள் இரவு கடைக்குப் போகாதீர்கள், நான்கு நாள் முன்னால் போங்கள்.

கேள்வி: போஸ்டர் எல்லாம் தயார். ஆனால் நான் தமிழ் வழியில் படித்தவன். யாராவது வந்து ஆங்கிலத்தில் கேட்டால் வாய் வராது. பக்கத்தில் நண்பனை நிறுத்திக்கொள்ளலாமா?
– எம்.எஸ்சி. மாணவர், அரியலூர்

பதில்: நண்பர் நிற்கட்டும், தைரியத்துக்கு. பேச வேண்டியது நீங்கள்தான் தம்பி, வேலையைச் செய்தது நீங்கள். நானும் பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவள்தான், அந்தப் பயம் எனக்குத் தெரியும். ஒன்றரை நிமிடப் பேச்சு ஒன்றைத் தயார்செய்யுங்கள், ஆறு ஏழு சின்ன வாக்கியம் போதும்: இதுதான் பிரச்சினை, இதைச் செய்தோம், இந்தப் படத்தைப் பாருங்கள், இதுதான் கிடைத்தது. மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் போஸ்டரில் ஒரு படத்தைத் தொட்டுக் காட்டிச் சொல்லிப் பழகுங்கள், கை நகரும்போது வாயும் கூடவே வரும். விடுதி அறையில் நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள், அதில் ஒருவர் வேதியியல் படிக்காதவராக இருக்கட்டும். நம் மாநிலத்தில் நடக்கும் கருத்தரங்கு என்றால் வருகிற பேராசிரியர்களில் பலருக்குத் தமிழ் தெரியும். சிக்கிக்கொண்டால் “தமிழில் சொல்லட்டுமா, சார்?” என்று கேளுங்கள். மறுத்தவரை நான் பார்த்ததில்லை. கேள்வி புரியவில்லை என்றால் திரும்பக் கேட்பதிலும் ஒன்றும் தப்பில்லை.

கேள்வி: சர்வதேச மாநாட்டில் உரையாற்ற என்னை அழைத்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. “மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு” என்று தொடங்குகிறது, நான் எம்.எஸ்சி.தான் படிக்கிறேன். பதிவுக் கட்டணம் வீட்டில் கேட்கத் தயக்கமாக இருக்கும் அளவுக்குப் பெரிய தொகை. போகலாமா?
– மாணவி, வேலூர்

பதில்: வீட்டில் கேட்காதீர்கள், போகவும் வேண்டாம். வேதியியல், கட்டடவியல், பல் மருத்துவம் எல்லாவற்றுக்கும் ஒரே மாநாடு, அப்ஸ்ட்ராக்ட் அனுப்பிய இரண்டே நாளில் ஏற்பு, பணம் எப்போது கட்டுகிறீர்கள் என்று நினைவூட்டல் மேல் நினைவூட்டல், இதெல்லாம் கடை விரிப்பவர்களின் அடையாளம். ஹைதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் குழுமத்தின் மீது அமெரிக்க வணிக ஆணையம் 2016-இல் வழக்குப் போட்டது, மாநாட்டுக்கு வர ஒப்புக்கொள்ளாத அறிஞர்களின் பெயர்களைப் போட்டு ஆட்களைச் சேர்த்தார்கள் என்பது அதில் ஒரு குற்றச்சாட்டு. 2019-இல் அங்குள்ள நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லித் தீர்ப்பளித்தது. ஆகவே அழைப்பில் பெரிய பெயர் இருந்தால், அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் உள்ள முகவரிக்கு நேராக எழுதிக் கேளுங்கள், “நீங்கள் உண்மையாகவே வருகிறீர்களா?” என்று. நல்ல இடங்கள் இருக்கின்றன. 1999-இல் தொடங்கிய இந்திய வேதியியல் ஆராய்ச்சிச் சங்கம் நடத்தும் தேசியக் கருத்தரங்குகளில் மாணவர்களின் போஸ்டருக்கு இடம் உண்டு. பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி 2015-இல் ட்விட்டரில் தொடங்கிய போஸ்டர் மாநாட்டில் கலந்துகொள்ளக் கட்டணமே கிடையாது, வீட்டில் இருந்தபடியே போஸ்டரைப் பதிவேற்றலாம்.

கேள்வி: புது லிகண்ட் (உலோக அணுவோடு பிணையும் மூலக்கூறு) ஒன்று செய்திருக்கிறோம். அதன் அமைப்பைப் போஸ்டரில் போடக் கூடாது என்கிறார் கைடு. அமைப்பு இல்லாமல் என்ன போஸ்டர்?
– பிஎச்.டி. மாணவர், கோயம்புத்தூர்

பதில்: பேடன்ட்டுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அவருக்கு இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். ஊரறியக் காட்டிவிட்டால் அது புதியது என்று பிறகு உரிமை கோருவது சிரமம். நம் நாட்டுப் பேடன்ட் சட்டத்தின் 31-ஆம் பிரிவு, அறிஞர் அவையில் வாசித்த கட்டுரை போன்ற சில நேர்வுகளுக்கு மட்டும் 12 மாத அவகாசம் தருகிறது. ஐரோப்பாவில் அந்தச் சலுகையும் கிட்டத்தட்ட இல்லை. முதலில் விண்ணப்பம் போகட்டும், போஸ்டரை அடுத்த ஆண்டு முழு அமைப்போடு வைக்கலாம். பாதி மறைத்த போஸ்டர் வைப்பதைவிட அது நல்லது.

கேள்வி: போன மாதம் ஜிங்க் ஆக்சைடு போஸ்டரோடு நின்றேன். ஒரு பேராசிரியர் வந்து “ஸ்கேவஞ்சர் சோதனை செய்தாயா?” என்றார். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. தெரியாது சார் என்றேன், தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து போஸ்டரைப் பார்க்கவே பிடிக்கவில்லை, பரணில் போட்டுவிட்டேன்.
– எம்.எஸ்சி. மாணவி, தஞ்சாவூர்

பதில்: எடுத்துக் கீழே வையுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னீர்கள், அதுதான் சரியான பதில். அவர் கேட்டது இதுதான்: ஒளி பட்டதும் ஜிங்க் ஆக்சைடில் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுச்சென்ற காலியிடம்) பிரிகின்றன, அதன் பிறகு சாயத்தைத் தாக்குவது துளையா, ஹைட்ராக்சில் ரேடிக்கலா, சூப்பராக்சைடா? கண்டுபிடிக்க, ஒவ்வொன்றையும் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருளைத் தனித்தனியாகச் சேர்த்து ஓட்டிப் பார்ப்பார்கள். ஹைட்ராக்சிலுக்கு ஐசோபுரோப்பனால், சூப்பராக்சைடுக்கு பென்சோகுவினோன், துளைக்கு இடிடிஏ. எதைச் சேர்த்தபோது நிறம் போவது மிகவும் மெதுவாகிறதோ, அதுதான் பெரும்பங்கு வேலை செய்திருக்கிறது. ஐசோபுரோப்பனாலும் இடிடிஏ-வும் உங்கள் லேபிலேயே இருக்கும், பென்சோகுவினோன் கொஞ்சம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும், அது கண்ணையும் தோலையும் அரிக்கும் என்பதால் ஃப்யூம் ஹூட்டில் கையுறையோடு எடையுங்கள். எதுவும் சேர்க்காத ஓட்டத்தோடு நான்கு ஓட்டம், ஒரு வாரத்தில் முடியும். தீசிஸ் கொடுக்க இன்னும் நேரம் இருக்கிறது என்றால் அதில் ஒரு படமாகச் சேருங்கள். அந்தப் பேராசிரியரின் பெயர் நிகழ்ச்சி நிரலில் இருக்கும், “நீங்கள் கேட்ட சோதனையைச் செய்தேன், இதுதான் வந்தது” என்று கிராஃபோடு அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அவர் என்ன பதில் எழுதினார் என்பதை எனக்கும் எழுதுங்கள்.